மீட்டரைப் பார்த்துத் தொடங்குங்கள்: வீட்டுச் சாமான்களின் மின்செலவைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடியில் கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பில் இரவிலும் சுவர் சுடும். அப்படியொரு ஆடியில் எங்கள் கல்லடி வீட்டுக்கு 174 அலகுக்கு பில் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வீட்டிலிருந்த பல்புகள் எல்லாவற்றையும் எல்ஈடிக்கு மாற்றியிருந்தேன். பில் இறங்கும் என்று நம்பியிருந்த அம்மா, துண்டை என் கையில் தந்துவிட்டு, "பல்ப் மாத்தின காசு வீணாப் போச்சா மனே?" என்று கேட்டார்.

வீணாகவில்லை. ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. நான் அளந்து பார்க்காமல் கண்ணுக்குத் தெரிந்ததை மாற்றியிருந்தேன். அதன் பிறகு மூன்று கிழமை மீட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகக் கணக்கெடுத்தோம். நாலு மாதத்தில் பில் 104 அலகுக்கு இறங்கியது. அந்த 70 அலகில் 47 அலகு எந்தப் புதிய சாமானும் வாங்காமல் குறைந்தது. கிழக்குக் கரையின் உப்புக் காற்றும் வெக்கையும் கிணற்றுத் தண்ணீரும் உள்ள வீடுகளுக்குப் பொருந்துமாறு, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பில்லை வாசிக்கப் பழகுங்கள்

1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஓர் அலகு. 10 வாட் பல்ப் 100 மணி நேரம் எரிந்தாலும் அதே ஓர் அலகுதான். வாட்டை மணியால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் அலகு வந்துவிடும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும், வீட்டில் யார் எதைச் சொன்னாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு 30 வரை ஒரு படி, 60 வரை இன்னொரு படி. 60ஐத் தாண்டிவிட்டால் கணக்கே மாறுகிறது. முதல் 60 அலகும் ஒரே படியாகிக் கூடிய விலைக்குப் போய்விடும். அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். மாதாந்த நிலையான கட்டணமும் கூடவே ஏறும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு திருத்தம் செய்யும்போது ரூபாக் கணக்கு மாறும் என்பதால் விலைகளை இங்கே எழுதவில்லை. உங்கள் பில்லிலேயே படிப்படியாக அச்சிட்டிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. நீங்கள் மிச்சம் பிடிக்கும் அலகு எப்போதும் உங்கள் கடைசிப் படியிலிருந்துதான் கழியும். ஆகவே ஒரு புதிய ஃபேன் எத்தனை மாதத்தில் தன் விலையை மீட்கும் என்று பார்க்கும்போது, பில்லின் சராசரி விலையைப் போடாமல் கடைசிப் படியின் விலையைப் போடுங்கள். அடுத்தது, 63 அலகில் நிற்கும் வீடும் 93 அலகில் நிற்கும் வீடும் நாலு அலகைக் குறைத்தாலே ஒரு படி கீழே வந்துவிடும். முதல் வேலையாக, உங்கள் வீடு எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று பாருங்கள்.

மீட்டரைக் கொண்டே அளக்கலாம்

எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை. மின்சார சபை பொருத்தியிருக்கும் இலத்திரனியல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஓர் அலகுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டரின் முகத்திலேயே எழுதியிருக்கும்: 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் வேறுபடும். பழைய மீட்டர் என்றால் சுழலும் தட்டும், ஓர் அலகுக்கு எத்தனை சுற்று என்ற எண்ணும் இருக்கும்.

வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் போடுங்கள். சரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை 60,000 ஆல் பெருக்கி, மீட்டரில் எழுதியிருக்கும் எண்ணால் வகுத்தால் அந்தச் சாமான் இழுக்கும் வாட் கிடைக்கும். 1600 மீட்டரில் நிமிடத்துக்கு 10 மின்னல் என்றால் 375 வாட். ஃபேன் போன்ற சின்னச் சாமானுக்கு ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுத்தால் கணக்குத் துல்லியமாக வரும். ஒருவர் மீட்டரடியில் நிற்க, இன்னொருவர் உள்ளே சுவிட்சைப் போட, ஒரு ஞாயிறு காலைக்குள் முழு வீட்டையும் முடித்துவிடலாம். மீட்டர்ப் பெட்டியைத் திறக்கவோ முத்திரையைத் தொடவோ கூடாது. வெளியே நின்று பார்த்தாலே போதும்.

அளந்து முடித்ததும் இன்னொரு சோதனை. எல்லாச் சுவிட்சையும் நிறுத்தி, பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சை மட்டும் போட்டபடி விடுங்கள். சில நிமிடம் மீட்டர் விளக்கு அசையாமல் இருக்க வேண்டும். மின்னினால், மறந்துபோன ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது வயரிங்கில் ஒழுக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் போகும் மோட்டர் வயரின் உறை வெயிலில் வெடித்து மண்ணில் கிடந்ததை இப்படித்தான் கண்டோம். செலவை விட ஆபத்துத்தான் அதில் பெரிது. தகுதியுள்ள மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு அன்றைக்கே மாற்றினோம். மின் ஒழுக்கு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் மின்செலவு பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

ஃபிரிட்ஜ்: நாள் முழுக்க ஓடுவது இதுதான்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போன அன்று வீட்டில் ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொண்டு புறப்பட்டோம். காலை 5 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கதவை ஒருவரும் திறக்காமலே ஓர் அலகுக்குச் சற்று மேல் ஓடியிருந்தது. அப்படியென்றால் மாதத்துக்கு 62 அலகு. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். நல்ல நிலையில் இருந்தால் 35 அலகைச் சுற்றி முடிய வேண்டியது.

கொம்பிரசர் 120 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். அது பாதி நேரம் ஓய்ந்தால் மாதம் 43 அலகு. ஓயாமல் ஓடினால் 86. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கொம்பிரசர் ஏன் ஓயவில்லை என்பதுதான். காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

கதவு றப்பர். ஒரு 20 ரூபாத் தாளைக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் வெளியேறுகிறது. நாலு பக்கமும் கை அகலத்துக்கு ஒருமுறை பாருங்கள். எங்களுடையது கீழ்ப் பக்கத்தில் முழுக்கத் தளர்ந்திருந்தது. முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு றப்பரின் மடிப்புக்குள் இருக்கும் அழுக்கைக் கழுவுங்கள். பாதி வீடுகளில் இதுவே போதும். வளைந்துபோன றப்பரைச் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் திருத்துபவர்கள் அளவுக்கு வெட்டிப் பொருத்தித் தருவார்கள்.

அடுத்து, வைத்திருக்கும் இடம். பல வீடுகளில் இடம் அடைக்கும் என்று ஃபிரிட்ஜைக் குசினி மூலையில் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். உள்ளிருந்து எடுத்த சூட்டை அது பின்பக்கத்தாலோ பக்கவாட்டாலோ வெளியே விட வேண்டும். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், பின்னேர வெயில் விழும் மேற்குச் சுவர் ஓரத்திலும் வேண்டாம். மேலே துணி விரித்துச் சாமான் அடுக்குவதும் வேண்டாம். பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரிந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். கடலோர வீடுகளில் அந்தத் தூசியோடு உப்பும் சேர்ந்து களிபோலப் படியும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள்.

ஐஸ். தானாக உருகாத ஃபிரிட்ஜில் உறைபெட்டிச் சுவரில் அரைச் சென்ரிமீற்றர் ஐஸ் ஏறினால் நிறுத்தி உருக்கிவிடுங்கள். ஐஸ் குளிரைத் தடுக்கும் போர்வைபோல வேலை செய்யும். கத்தியால் கொத்த வேண்டாம். குழாய் துளைபட்டால் வாயு வெளியேறி, திருத்தும் செலவு பல மாதப் பில்லை விழுங்கிவிடும்.

குளிரின் அளவு. ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் ஓரிரவு வையுங்கள். 3 முதல் 5 பாகை செல்சியஸ் போதும். உறைபெட்டிக்கு மைனஸ் 18. அதற்குக் கீழே இறக்கிச் சாப்பாட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை.

கடைசியாகப் பாவனை. எங்கள் பக்கம் மீன் மலிவான நாளில் நாலைந்து கிலோ வாங்கி ஒரே பையில் திணித்து உறைபெட்டிக்குள் போடுவது வழக்கம். நடுப்பகுதி உறைய ஒரு நாள் பிடிக்கும், அது வரை கொம்பிரசரும் ஓயாது. ஒரு கறிக்கு ஆன அளவில் தட்டையான பொட்டலமாகக் கட்டி வைத்தால் சீக்கிரம் உறையும், எடுக்கவும் சுகம். நாளைக்குச் சமைக்கும் மீனை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள். அது உருகும்போது விடும் குளிர் கீழே உள்ளவற்றைக் குளிரவைக்கும். சூடான ஆணத்தை (குழம்பை) ஆறவிட்டு மூடி வையுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றபோது, உறைபெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்திருந்த வீடுகளில் மீன் தப்பியது. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். உறைபெட்டி நிறைந்திருந்தால் கதவு திறக்கும்போது போகும் குளிரும் குறைவு. கரண்ட் வந்ததும் உடனே ஃபிரிட்ஜைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

றப்பர் மாற்றி, இடம் மாற்றி, கழுவி முடித்த பின் எங்கள் ஃபிரிட்ஜ் 36 அலகுக்கு வந்தது. 26 அலகு மிச்சம், செலவு றப்பருக்கு மட்டும்.

ஃபேன்

எங்கள் காலநிலையில் ஃபேன் இல்லாமல் உறங்கச் சொல்வது நியாயமில்லை. அப்படிச் சொல்லும் ஆலோசனை எதையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் வழமையான கூரை ஃபேன் 75 வாட் எடுக்கிறது. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட) மோட்டர் உள்ள புதிய வகை அதே காற்றுக்கு 30 வாட்டைச் சுற்றி எடுக்கிறது. எங்கள் இரண்டு படுக்கை அறைகளிலும் இரவில் ஒன்பது மணி நேரம் ஃபேன் ஓடும். இரண்டையும் 32 வாட் ஃபேன்களாக மாற்றியதில் மாதத்துக்கு 23 அலகு குறைந்தது. காசு கொடுத்து நாங்கள் மாற்றிய ஒரே பெரிய சாமான் இதுதான். விறாந்தை ஃபேன் நாளில் ஒரு மணி நேரமே ஓடுவதால் அதைத் தொடவில்லை. ஓடும் நேரம் கூடிய ஃபேனைத்தான் மாற்ற வேண்டும்.

பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. அதைக் கழற்றி நேராகச் சுவிட்சுக்குக் கொடுக்க வேண்டும், வேகத்தை ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற வசதி இல்லாதவர்கள் இவற்றைச் செய்யுங்கள். சுவரில் பெரிய சதுரப் பெட்டியாக, தொட்டால் சுடும் ரெகுலேட்டர் இருந்தால் அதை மாற்றுங்கள். வேகத்தைக் குறைத்தாலும் மிச்சத்தைச் சூடாக விரயமாக்கும் வகை அது. சின்ன இலத்திரனியல் ரெகுலேட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஃபேன் முன்பைவிட மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கப்பாசிட்டர் பழுது. மலிவான பொருள், மின்வேலை தெரிந்தவர் சில நிமிடத்தில் மாற்றித் தருவார். இறக்கையின் முன்விளிம்பில் படியும் தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிராது. காற்று நம் தோலில் பட்டு வியர்வை உலர்வதால்தான் குளிர்ச்சி தெரிகிறது.

ஃபேன் இறக்கும் காற்று ஏன் சுடுகிறது என்றால் மேலே பாருங்கள். தகரமோ அஸ்பெஸ்டஸ் சீட்டோ போட்ட கூரைக்குக் கீழே சீலிங் இல்லாவிட்டால், பகல் முழுக்கச் சேர்ந்த சூட்டை ஃபேன் நம் தலையில் இறக்கும். கூரையடியில் வெள்ளிப் பூச்சுத் தாள் அடித்தாலும், கிடுகு வேய்ந்தாலும், மேற்குப் பக்கம் ஒரு வேம்போ முருங்கையோ நின்றாலும் வித்தியாசம் தெரியும். மாலையில் கடற்காற்று வரும் நேரம் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

தண்ணீர் மோட்டர்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க மணல் நிலம். பல வளவுகளில் கிணற்றுத் தண்ணீர் சில அடி ஆழத்திலேயே கிடைக்கும். அந்த ஆழத்துக்கு அரைக் குதிரைவலு மோட்டர் தாராளம். ஆனால் கடையில் ஒரு குதிரைவலு மோட்டரையே காட்டுவார்கள், நாமும் பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்கிவிடுகிறோம்.

உங்கள் மோட்டரை இப்படிச் சோதியுங்கள். வெறுமையான 1000 லீற்றர் தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அரைக் குதிரைவலு மோட்டர் 550, 600 வாட் எடுத்து 30 முதல் 40 நிமிடத்தில் நிரப்பினால் சரி, செலவு ஓர் அலகில் மூன்றிலொரு பங்கு. அந்த நிமிடக் கணக்கைத் தாங்கியின் அடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நேரம் கூடியிருந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

அநேகமாகப் பிழை கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வில். அதன் வலையில் பாசியும் மணலும் அடைத்தால் மோட்டர் திணறும். வால்வு மூடாமல் ஒழுகினால் குழாய்த் தண்ணீர் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டி வந்தால் அதுதான் அறிகுறி. அடுத்தது குழாய். மோட்டரின் வாய் ஒரு அங்குலமாக இருக்க, அரை அங்குலக் குழாயை மேலே கொண்டுபோயிருப்பார்கள். கூடவே நாலைந்து முழங்கை மூட்டு. குழாய் ஒடுங்க ஒடுங்க மோட்டர் கூடிய நேரம் ஓட வேண்டும். ஒரு அங்குலக் குழாய், முடிந்தவரை நேர்ப்பாதை, குறைந்த மூட்டுகள் என்று மாற்றியதில் எங்கள் தாங்கி 55 நிமிடத்திலிருந்து 35 நிமிடத்துக்கு வந்தது. மாதத்துக்கு நாலு அலகு.

கச்சான் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது மோட்டர் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கியில் மிதவைச் சுவிட்ச் பொருத்தினால் நிரம்பி வழிவது நிற்கும். கழிவறைச் சிஸ்டேர்ன் சத்தமில்லாமல் ஒழுகும் வீட்டில் இரவெல்லாம் தாங்கி இறங்கும். சிஸ்டேர்னில் கொஞ்சம் மஞ்சள் கரைத்து, அரை மணி நேரம் தண்ணீர் அடிக்காமல் விடுங்கள்; கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் ஒழுக்கு உறுதி.

குசினிச் சாமான்கள்

அம்மாவுக்கு கிரைண்டர் மேல்தான் சந்தேகம், அது போடும் சத்தத்தால். 600 வாட் கிரைண்டர் நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் மாதம் மூன்று அலகுதான். ஒரு சத்தமும் போடாமல் மூலையில் நின்ற ரைஸ் குக்கர்தான் எங்களை ஏமாற்றியது. 700 வாட் குக்கர் அரை மணி நேரத்தில் சோறாக்க 0.35 அலகு எடுக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆக்கிய சோறு மதியம் இரண்டு மணி வரை சூடு காக்கும் நிலையில் இருந்தால், 50 வாட் வீதம் இன்னொரு 0.35 அலகு. ஒரு பானை சோற்றுக்கு இரண்டு பானையின் கரண்ட்! இப்போது ஆக்கிய பத்து நிமிடத்தில் பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறக்காமல் ஒரு தடித்த துணியால் சுற்றி வைக்கிறோம். மதியத்திலும் ஆவி வருகிறது. மாதத்துக்குப் பத்து அலகு இறங்கியது. சிவப்பரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் அவியும். குக்கரின் சூட்டுத் தட்டுக்கும் பானையின் அடிக்கும் நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தாலும் சூடு சரியாக ஏறாது, துடைத்துவிடுங்கள்.

கேத்தல் நல்ல சாமான். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.1 அலகு. ஆனால் இரண்டு கப் தேத்தண்ணிக்கு முழுக் கேத்தலையும் நிரப்புகிறோம், ஆறியதும் மீண்டும் போடுகிறோம். தேவையான அளவுக்கு ஊற்றுங்கள், காலையிலேயே கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் இன்னும் நல்லது. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் காரை படிந்திருந்தால் தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊறவிட்டுக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் வன்மையாக உள்ள இடங்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

கரண்ட் அடுப்பு வாங்குபவர்கள் இண்டக்சனையும் இன்ஃப்ராரெட்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். இன்ஃப்ராரெட் முதலில் தன் தட்டைச் சூடாக்கும். இண்டக்சன் பாத்திரத்தையே சூடாக்குவதால் இழப்புக் குறைவு, ஆனால் காந்தம் ஒட்டும் தட்டையான அடி வேண்டும். அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் அதில் வேலை செய்யாது.

மற்றவை, சுருக்கமாக

அயன் 1000 வாட். ஒவ்வொரு காலையிலும் ஒரு பள்ளி உடுப்புக்காக அதைச் சூடாக்குவதை விட்டு, கிழமைக்கு ஒருமுறை மொத்தமாகத் தேயுங்கள். தடித்த துணியை முதலில் தேய்த்து, அயனை நிறுத்திவிட்டு, மிச்சச் சூட்டில் மெல்லிய துணிகளை முடிக்கலாம். சலவை இயந்திரத்தில் சுடுதண்ணீர் வேண்டாம். உலர்த்தியும் வேண்டாம், கொடியும் வெயிலும் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

ரிமோட்டில் நிறுத்திய டிவி கொஞ்சம்தான் எடுக்கும். அதன் பக்கத்திலுள்ள சேனல் பெட்டியும் ஸ்பீக்கரும் எங்கள் வீட்டில் சேர்ந்து 12 வாட் இழுத்தன. பார்க்காத 20 மணி நேரத்துக்கு மாதம் ஏழு அலகு. இரண்டையும் ஒரு சுவிட்ச் உள்ள நீட்டிப்புப் பலகையில் கொடுத்து, படுக்கப் போகும்போது நிறுத்துகிறோம். பல்புக்கு இவ்வளவு போதும்: 9 வாட் எல்ஈடி, பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் தரும். சோக் உள்ள பழைய டியூப் 45 வாட் எடுக்கும், எல்ஈடி டியூப் அதில் பாதிக்கும் குறைவு.

ஏசி வைத்திருந்தால்

26 பாகையில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு பாகை ஏற்றும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சமாகும். 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது சரியில்லை. சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரும், 18இல் வைத்தால் நிற்க மட்டும் கூடிய நேரம் எடுக்கும். உள்ளே இருக்கும் வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். காத்தான்குடி, காரைதீவு, திருக்கோவில் போலக் கடலுக்கு அண்டிய ஊர்களில் வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்பு அரித்துவிடும். கரண்டை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். அழுத்தமாகப் பீச்சினால் தகடு மடங்கும். சீட்டுக் கூரைக்கு அடியில் சீலிங் இல்லாத அறைக்கு ஏசி வாங்காதீர்கள், முதலில் சீலிங்.

பிளக், வயர், வோல்ட்

அயனோ கேத்தலோ பாவித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த இடத்தில் தொடுகை தளர்ந்திருக்கிறது. கரையோரத்தில் பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறும். அதுவும் சூட்டுக்குக் காரணம். கரண்டும் வீண், தீயும் பிடிக்கலாம். தளர்ந்த சொக்கெட்டைத் திருத்த முயல வேண்டாம், மாற்றுங்கள். ஃபிரிட்ஜ், மோட்டர், ஏசி எதையும் மல்டி பிளக்கில் கொடுக்கக் கூடாது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மின்கம்பிப் பாதையின் நுனியில் இருக்கும் வீடுகளில், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் வோல்ட் இறங்குவது உண்டு. ஃபேன் மெதுவாகும், மோட்டர் உறுமும். அந்த நேரத்தில் மோட்டர் கூடிய மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். தண்ணீரைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள், அயனைப் பகலில் முடியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது தொடர்ந்து 200க்குக் கீழே நின்றால் அது உங்கள் வீட்டுப் பிழை இல்லை. நாள், நேரம், வோல்ட் மூன்றையும் ஒரு கிழமை குறித்து, 1987 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தோ பிரதேச மின்சார அலுவலகத்தில் எழுத்திலோ முறையிடுங்கள். அளவோடு போகும் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புதிதாக வாங்கும்போது

நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் கூடினால் செலவு குறைவு, அதிகபட்சம் ஐந்து. ஒரே அளவான இரண்டு சாமான்களை ஒப்பிட மட்டுமே அது உதவும். பெரிய ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ், சின்ன மூன்று நட்சத்திர ஃபிரிட்ஜை விடக் கூட எடுக்கலாம். நாலு பேருக்கு எவ்வளவு பெரிது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்புபவர்கள் அங்கிருந்து சாமான் கொண்டுவருவது இங்கே வழமை. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இலங்கையில் 50. அங்கே 127 வோல்ட்டுக்குச் செய்த சாமான்களும் புழங்கின. அந்த நாட்டுக்கென்றே செய்த மோட்டர்ச் சாமான் இங்கே மெதுவாகவும் சூடாகவும் ஓடும், 127 வோல்ட் சாமான் போட்டவுடனே எரிந்துவிடும். பின்பக்கத் தகட்டில் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். இரண்டாம் கை ஃபிரிட்ஜ் வாங்கும்போதும் இந்தத் தகட்டையே முதலில் பாருங்கள். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் "புதுசு மாதிரி" என்று தந்த ஃபிரிட்ஜ் 60 ஹெர்ட்ஸ்காரியாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தகட்டை வாசித்த பிறகுதான் தெரிந்தது.

கூரையில் சூரியத் தகடு போட நினைப்பவர்களும் இந்த வேலைகளை முதலில் முடியுங்கள். 174 அலகு வீட்டுக்குத் தேவைப்படும் தகடுகளும் 104 அலகு வீட்டுக்குத் தேவைப்படும் தகடுகளும் ஒன்றல்ல.

எந்த வரிசையில் தொடங்குவது

இந்த ஞாயிறு மீட்டரை எண்ணி, சாமான்களின் வாட்டை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அன்றைக்கே ஃபிரிட்ஜ் றப்பரைத் தாள் வைத்துச் சோதித்து, சுவரிலிருந்து இழுத்து வைத்து, ரைஸ் குக்கர் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தைத் தொடங்குங்கள். அடுத்த கிழமை தாங்கி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் வெளியே கிடக்கும் வயர்களையும் கிணற்றடிச் சொக்கெட்டையும் சரிபார்த்து முடியுங்கள். ஃபேன் மாற்றுவது காசு சேர்ந்த பிறகு இருக்கட்டும்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அதை இப்போது அம்மா எழுதுகிறார். போன மாதம் எண் ஒன்பது அலகு ஏறியிருந்ததைக் கண்டு, பில் வருவதற்கு முன்பே ஃபுட் வால்வைப் பார்க்கச் சொன்னவர் அவர்தான்.